பீடோரில் தெரிந்த பெயர்

12ஆம் தேதி, வியாழன்

பழனி இன்று கிளினிக்கில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அண்ணே, பீடோர்ல யார் கண்ணுலயும் என் பேரு படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப என் மகளே பாத்துட்டா லா!"

புற்றுநோயை மறைக்கத்தான் அவர் தன் ஊரான பீடோரிலிருந்து எங்கள் கிளினிக்கின் குனோங் ராபாட் கிளைக்கு வந்துபோகிறார். மகளுக்குப் பீடோர் கிளையில் வேலை. அந்தந்தக் கிளை நோயாளிகள் மட்டுமே அங்குள்ளவர்களுக்குத் தெரியும்படி, டேட்டாபேஸில் ஒவ்வொரு நோயாளியின் வரிக்கும் பூட்டுப் போட்டவன் நான்.

பூட்டு சரிதான். ஆனால் போன வாரம் மருந்து இருப்பைக் கணக்கிட, எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பட்டியல் செய்து கொடுத்தேன். அது திறப்பவரின் உரிமையில் ஓடாமல், செய்த என் உரிமையில் ஓடியிருக்கிறது. எனக்கு எந்தப் பூட்டும் கிடையாது. சோதித்ததும் என் பெயரில்தான். எல்லாப் பெயரும் தெரிந்ததில் சந்தேகமே வரவில்லை.

"இந்த வேலையப் படிச்சவங்ககிட்ட குடுத்திருக்கணும்," என்று சொல்லி டாக்டர் கடவுச்சொல்லைக் கேட்டார். பதினோரு வருடமாக இதைக் கட்டிக் காத்தவன் நான். கடவுச்சொல்லைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பழனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார். "அவ கல்யாணம் முடியட்டும்னுதான் வாயத் தொறக்காம இருந்தேன். இப்ப கல்யாணமே வேணாங்கிறா. அப்பாவப் பாத்துக்கணுமாம்."

வீட்டுக்கு வந்து, பட்டியல் திறப்பவரின் உரிமையில் ஓடும்படி ஒரே கட்டளையில் சரிசெய்தேன். பீடோர் ஊழியர் பெயரில் திறந்து நான்கு முறை பார்த்தேன். பழனியின் பெயர் வரவில்லை. அவரிடம் சொல்லப் போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? சரியாகிவிட்டது என்றா?