முதலில் போன குக்கர்

1996 ஜனவரி 11
வானொலி நிலையத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மார்ச்சில் புத்தகம் வந்தாக வேண்டுமாம். புதுக் கட்டடத்துக்குக் குடிபோவது பிப்ரவரி 20 என்று பியோ சார் அறிவித்துவிட்டார். சியோலிலிருந்து வந்த இயக்குநர், பாவம். ஜெஜுத் தீவில் எவன் பிப்ரவரியில் இடம் மாறுவான்? மண்ணைக் காக்கும் தெய்வங்கள் பொறுப்பு மாற்றிக்கொள்ள மேலே போய், தட்டிக் கேட்க ஆளில்லாத ஜனவரிக் கடைசி வாரத்தில்தான் இங்கே எல்லாரும் மூட்டை கட்டுவார்கள்.

ஜனவரி 13
ஒலிப் பொறியாளர் ஹியோன் அண்ணன் வெடித்துவிட்டார். "தெய்வம் திரும்பி வந்தப்புறம் ஒரு ஒயரைக்கூட நான் தொட மாட்டேன், சார்."
"தொடலேன்னா சியோலுக்கு மாத்திடுவேன்யா."
அண்ணி கடலில் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுப்பவள். அவள் எப்படிக் கடலை விட்டுப் போவாள்? இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன். அவர் போயிட்டா மத்தியானம் நான் யார்கூட சண்டை போடறது?

ஜனவரி 14
பியோ சார் டிசம்பரிலிருந்து விடுதியில்தான் இருக்கிறாராம். அந்த வாரம் வரும்வரை ஒரு வீடும் காலியாகாது. சிரித்துத் தொலைத்தேன், நல்லவேளை கழிவறையில்.

ஜனவரி 19
கிடைத்தது! 1971-இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது மார்ச் 9 என்றுதான் எல்லாக் காகிதமும் சொல்கிறது. ஆனால் அந்த வருட ஒலிபரப்புப் பதிவேட்டில் ஜனவரி 29: "வானிலை அறிக்கை மட்டும் புது இடத்திலிருந்து. ஒலிவாங்கி ஒன்று, சோற்றுப் பானை ஒன்று கொண்டுவரப்பட்டன." கையெழுத்து, அன்றைய இயக்குநர். அவரும் சியோல்காரர்!

ஜனவரி 22
பதிவேட்டை இருவருக்கும் காட்டி, நாமும் 31-ஆம் தேதி இப்படியே செய்யலாம் என்றேன். ஹியோன் அண்ணன் படித்ததும் இறங்கி வந்துவிட்டார். "பானை போயிடுச்சுன்னா குடி போன மாதிரிதான். மிச்சமெல்லாம் வெறும் சாமான். என்னிக்கு வேணா தூக்கலாம்."
பியோ சார் மட்டும் உர்ரென்று இருந்தார். "இதெல்லாம் மேலிடத்துல எப்படிம்மா சொல்றது?"
"சொல்லவே வேணாம், சார். வானிலை மூணு நிமிஷம்தான்."
அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அது சரியா, வேண்டாமா?

ஜனவரி 31
காலை ஆறு மணி. புதுக் கட்டடத்தில் நான், ஹியோன் அண்ணன், ஒரே ஒரு ஒலிவாங்கி. பானையை மறந்துவிட்டோம்! அண்ணன் என்னைத் திட்ட வாயைத் திறந்தபோது கதவை முதுகால் தள்ளிக்கொண்டு பியோ சார் உள்ளே வந்தார். இரு கைகளிலும் மின்சாரக் குக்கர்.
"நேத்துதான் வீடு கிடைச்சுது. சிரிக்காம அறிக்கையைப் படி."
கிழக்குக் கடலில் அலை ஒரு மீட்டர், மூழ்க ஏற்ற நாள் என்று படித்தேன்.

மார்ச் 4
அச்சுப் படி திரும்பி வந்தது. "புதுக் கட்டடத்துக்கு மாறியது பிப்ரவரி 20" என்று எழுதியிருந்தேன். பியோ சார் அதை அடித்துவிட்டு "ஜனவரி 31" என்று போட்டிருக்கிறார். ஓரத்தில் சிறிய எழுத்தில்: "குக்கர் என்னுடையது. அதையும் சேர்."