வத்தி வைக்கும் புரதமும் கடிபட்ட எலிகளும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கட்டிகளை எண்ணி முடித்துவிட்டு எலி அறையிலேயே ஆடினேன். முகமூடி, நீல அங்கி, தலைவலை எல்லாவற்றோடும். நாற்பத்தொரு வயதுக்காரி ஆடினால் எப்படி இருக்கும் என்பது அந்தச் சுண்டெலிகளுக்குத்தான் தெரியும். ஆடாமல் என்ன செய்வது! எல்லா எலிகளையும் ஒரே புற ஊதா விளக்கில்தான் காட்டினோம். மஞ்சள் அட்டைக் கூண்டுகளில் முதுகுக்கு நாலைந்து மருக்கட்டி. பச்சை அட்டைக் கூண்டுகளில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

இந்த இரண்டில் ஒரு கூட்டத்துக்கு என் புரதம் பிறவியிலேயே கிடையாது. எந்தக் கூட்டத்துக்கு? எனக்குத் தெரியாது, எண்ணுகிறவளுக்குத் தெரியவும் கூடாது. விடை ஒட்டிய உறைக்குள் லாக்லனின் இழுப்பறையில் கிடக்கிறது. அவர்தான் எங்கள் ஆய்வகத் தலைவர்; அவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

புரதத்துக்கு நான் வைத்த பெயர் வத்தி. வெயில் தோலைச் சுட்டதும் அக்கம்பக்கத்து உயிரணுக்களிடம் ஓடிப்போய் வத்தி வைப்பதுதான் அதற்கு வேலை. சேதி கேட்டு ஊரே திரளும், தோல் சிவந்து வீங்கும். திரண்ட கூட்டம் கலையாவிட்டால் அந்தச் சந்தடியில் புற்றுக்கட்டி சொகுசாக வளரும். வத்தி இல்லாத எலிக்குக் கட்டி குறையும் என்பது என் கட்சி. மூன்று வருடமாக இதே கட்சி. பொய்த்துப்போனால் ஜூனோடு இந்த வேலையை மூடிவிடலாம் என்று லாக்லன் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 12, புதன்

காபி அறையில் வாய் சும்மா இருந்ததா? "பச்சைக்குத்தான் வத்தி இல்ல, பந்தயம்!" என்றுவிட்டேன். உறையைப் பிரிக்கும் முன் ஊகம் சொன்னவர் வெள்ளிக்கிழமை கேக் சுட்டு வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். எனக்கு இது நான்காவது கேக்.

எலி அறை டெஸ்லியின் ராஜ்ஜியம். அவளும் என் வயதுதான். "நீ ஆராய்ச்சிய விட்டுட்டு பேக்கரி வெச்சிருந்தா இந்நேரம் கடலோரமா வீடு வாங்கியிருப்படி. லாக்லனப் பாரு, பதினோரு வருஷமா ஒரு கேக் சுட்டதில்ல. அது வாயா, இரும்புப்பெட்டியா!" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கரும்பு ஊர் பண்டபர்க்கிலிருந்து அப்பா பேசினார். மூக்கில் மறுபடியும் தோல்புற்றை வெட்டி எடுத்திருக்கிறார்களாம். இத்தோடு ஏழாவது.

"காது பாதிதான் மிச்சம் கண்ணு. மூக்குல இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கு," என்று சிரிக்கிறார். "உன் வத்திய அணைக்கிற களிம்பு வந்தா முதல் டப்பா எனக்குத்தான். தையல் மேலயே அப்பிக்கிறேன்."

அறுபது வருடக் கரும்புக்காடு, ஒரு நாளும் தொப்பி கிடையாது. நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

டெஸ்லி விடுப்பு. நானே எல்லாக் கூண்டையும் கழுவினேன். நாறிக்கிடந்த பழைய காகிதப் படுக்கைகளை அள்ளி எறிந்து, புதுசு போட்டு, பளபளவென்று! பாட்டு வேறு பாடிக்கொண்டே.

மார்ச் 4, செவ்வாய்

ஐயோ. போச்சு. எல்லாம் போச்சு.

பாதிக் கூண்டுகளில் ரத்தம். கூடப் பிறந்து கூடவே வளர்ந்த ஆண் எலிகள் ஒன்றின் முதுகை ஒன்று கடித்து வைத்திருக்கின்றன. சேதி தெரிந்து டெஸ்லி வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"படுக்கையையுமா எறிஞ்ச? அடி மக்கு! அந்த நாத்தத்த வெச்சுத்தான்டி அவனுங்க அண்ணன் தம்பின்னு தெரிஞ்சுக்குறானுங்க. பழசுல ஒரு கைப்பிடி எடுத்துப் புதுசுல போடணும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பதினைந்து வருஷமாத் தெரியும். சந்தோஷத்துல மறந்து தொலைச்சேன்.

கடித்தவற்றையும் கடிபட்டவற்றையும் அவள் தனித்தனியாகப் பிரித்து மருந்து போட்டாள். லாக்லன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "காயமே கட்டிய இழுத்துட்டு வரும், ரோவீனா. கடிபட்டதக் கணக்குல சேர்க்க முடியாது."

நாற்பதில் இருபத்து மூன்று போயிற்று. மிச்சம் பத்தாது. எதுக்குடி உனக்கு இவ்வளவு சுத்தம்?

மார்ச் 5, புதன்

கேக் கூடச் சுடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்!

கணக்கில் சேராவிட்டால் என்ன, கண்ணால் பார்க்கக் கூடாதா என்று இத்தனை நாளும் கடிபட்டவற்றைக் குறித்துக்கொண்டே வந்தேன். மஞ்சள் எலிகளின் கடித்தழும்புகளில் வரிசையாகக் குட்டிக் கட்டிகள் முளைத்துவிட்டன. பல் பட்ட இடமெல்லாம் கட்டி. பச்சை எலிகளுக்கும் அதே கடிதான், அதே பல்தான். ஒரு கட்டி இல்லை! ஒரே ஒரு குறை: மஞ்சளுக்குப் பத்து நாளில் ஆறிய காயம் பச்சைக்கு நாலு வாரம் இழுத்தது.

லாக்லனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உருப்பெருக்கிக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஒரு எலி பார்த்தார். இன்னொன்று பார்த்தார். அப்புறம் அந்த இரும்புப்பெட்டி திறந்துகொண்டது.

"அடக் கடவுளே, பச்சைதான் வத்தி இல்லாதது!"

டெஸ்லி தேன் ஒழுகச் சொன்னாள்: "லாக்லன்... நாளைக்கு வெள்ளிக்கிழமை."

ஏப்ரல் 4, வெள்ளி

லாக்லனின் கேக் அடியில் கருகி, நடுவில் வேகாமல் இருந்தது. பதினோரு வருடக் கடன் ஆயிற்றே, மறுபேச்சில்லாமல் தின்றோம். அதே கத்தியால் உறையைக் கீறினார்.

பச்சை: வத்தி இல்லை.

நான் போட்ட கூச்சலில் எதிர் ஆய்வகத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு, பாவம்.

ஜூனில் மூடுவதாக இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யப்போகிறோம், எலிகளைக் கடிக்கவிடாமல், அளந்துவைத்த காயங்களோடு. வத்தி கலகக்காரன் மட்டுமில்லை, காயத்தை மூட ஆள் திரட்டுவதும் அவன்தான் போலிருக்கிறது. காயம் ஆறி எத்தனையாவது நாளில் அவனை அணைக்கலாம் என்று கண்டுபிடிப்பதுதான் இனிமேல் என் வேலை. கூண்டு அறைக் கதவில் டெஸ்லி எழுதி ஒட்டிவிட்டாள்: "ரோவீனா துடைப்பத்தைத் தொடக் கூடாது."

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "களிம்பு வந்தாலும் தையல் மேல போடக் கூடாதுப்பா. முதல்ல காயம் ஆறணும். அதுவும் இப்போதைக்கு வராது. பல வருஷம் ஆகும்."



"சரி கண்ணு. அதுவரைக்கும் இந்த அரைக் காதப் பத்திரமா வெச்சுக்கிறேன்."

போனை வைக்க மறந்துவிட்டார். நாற்காலி நகரும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம். "இங்கதானே ஒரு தொப்பி கிடந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.