காணாமல் போன நீல வளையம்

என் தங்க ஸ்டெல்லாக்கா,

நீ போய் ஆறு மாசம் ஆச்சு. ஆகுர்டி மண் பரிசோதனை லேப்ல உன் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்கார விடல. என் பையை வச்சு மறிச்சு வச்சிருந்தேன்.

போன வாரம் பழைய மண்ணையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார் சாஹேப். ஒரு பாக்கெட்டில் உன் கையெழுத்து: ‘பாணேர், கரிசல்’. பாணேர்ல வீடு கட்டப் போற இடத்திலிருந்து வந்தது, நீ கடைசியா சோதிச்ச மண். தூக்கிப் போட மனசு வரல. உன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கட்டுமேன்னு நானே கரைச்சு, மெத்திலீன் ப்ளூ ஊத்தினேன்.

ஊத்த ஊத்தக் குடிச்சது அந்த மண். சாயத்தில் ப்ளஸ், களிமண்ணில் மைனஸ், பிடிச்சா விடாதுன்னு நாம எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கோம்! வயிறு நிறைஞ்சாத்தான் மிச்சச் சாயம் தாளில் வளையமா கசியும். அப்புறமும் அந்த வளையம் நிக்குதான்னு அஞ்சு நிமிஷம் கலக்கிக்கிட்டே பார்க்கணும். நீ கடிகாரம் பார்க்க மாட்ட. நிதானமா பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுவ, ரெண்டுக்கு ஒரு சொட்டு தாளில் வைப்ப.

உன் ரிப்போர்ட்டில் எழுதின அளவு வந்ததும் வளையம் தெரிஞ்சது. ஜெபத்தை ஆரம்பிச்சேன். நாலாவது வரைக்கும் வளையம் இருந்தது. ஆறாவது சொல்றப்போ, ‘ஆமென்’னை இழுத்தது என் குரல் இல்லக்கா. அது உன் இழுப்பு. சொட்டு வச்சேன். வளையத்தைக் காணோம்.

மண்ணுக்குப் பசி தீரவே இல்ல. அதுக்கு மேலயும் எத்தனையோ மில்லி சாயம் குடிச்சது. மழையில் ஊதி, வெயிலில் பிளந்து, சுவரையே தூக்கிடும் மண்ணுக்கு நாம ‘பரவாயில்லை’ன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்.

இதைச் சோதிச்ச அன்னிக்கு நீ மூணாவது ஜெபத்தில் இருந்த. “வாக்கா, பஸ் போயிடும், வளையம்தான் வந்துடுச்சே”ன்னு கையைப் பிடிச்சு இழுத்தது யாரு? நான்தானே? அந்தப் பஸ்ஸில்கூட நீ உம்முன்னு வந்தியே, இதுக்குத்தானா?

“ஜானே தோ, விட்டுடு, போனவங்க பேரை எதுக்குக் கெடுக்கணும்?”னார் சாஹேப். எனக்கு அழுகையா வந்தது. ஆனா பாணேரில் இன்னும் அஸ்திவாரக் குழிதான் இருக்கு. அதுக்கு மேல குழந்தைகள் தூங்கப் போகுதே! அவசரப்படுத்தினது நான்தான்னு எழுதி, என் கையெழுத்தைப் போட்டு அந்தக் கட்டட இன்ஜினியர்கிட்ட நேர்லயே கொடுத்துட்டேன். வேலையை நிறுத்திட்டாங்க.

இனி பத்தும் முடியாம எழுந்திரிக்க மாட்டேன்க்கா, சத்தியமா. ஸ்டூலிலிருந்து பையை எடுத்துட்டேன். வந்து உட்காரு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உன் அவசரக்குடுக்கைத் தங்கச்சி,
ரீட்டா