முடிச்சுக்கு எட்டாத துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

தோகாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

வெள்ளிக்கிழமை ஆபீஸ் தோழிகளை அறைக்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். நீங்கள் அனுப்பிய சீரணி மிட்டாயைச் சின்னச் சின்னதாக உடைத்துக் காகிதக் கிண்ணங்களில் வைத்தேன். காலி ஜாம் பாட்டில்களுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டில் கழுத்தில் கலர் துணி கட்டினேன். எல்லாரும் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

தல்லாகுளத்து அஸ்வினி அக்கா மட்டும் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "ஏண்டி, இது சாமிக்குக் காசு முடிஞ்சு வச்ச துணி மாதிரில்ல இருக்கு?" என்றார்.

"இல்லக்கா, கடையில வாங்குனது" என்று சிரித்தேன்.

அம்மா, அது நீங்கள் முடிந்து கொடுத்ததுதான். நான் நல்லபடியாகத் திரும்பி வந்ததும் குலசாமி உண்டியலில் போட வேண்டுமென்று பையில் வைத்துவிட்டீர்களே, அதேதான். மாசியில் குலசாமி கும்பிட வர லீவு கிடையாது என்று ஆபீஸில் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்கள். கடைசி பாட்டிலுக்குத் துணி போதவில்லை, அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

காசு பத்திரமாக இருக்கிறது. மறுபடி முடிந்து பார்த்தேன். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிட்டதால் முடிச்சுப் போட நீளம் எட்டவில்லை.

அஸ்வினி அக்கா அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு முழம் மஞ்சள் துணி கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் சீரணியும்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. துணி எதற்கென்று அக்கா கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா. எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகள்
பவதாரிணி