சவப்பெட்டியில் எழுந்து உட்கார்ந்தவள்

பாரிஸ்,
மார்ச் 1844

என் அக்கா மகள் ஓர்த்தான்ஸுக்கு, மாமா பிலிபேர் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். நீ அனுப்பிய உப்பு மீன் வந்து சேர்ந்தது. அரசருக்குக்கூட அப்படி ஒரு மீன் கிடைத்திருக்காது. மணம் பக்கத்துத் தெரு வரை போனது. போலீஸ்காரரே வந்து விசாரித்தார் என்றால் பார்த்துக்கொள்.

உன் விடுதி மாடியறையில் பச்சைக் கையுறை போட்ட ஓர் அம்மாள் பிரேசில் கப்பலுக்குக் காத்திருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை, சூப்பைத் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவர் யாரென்று நினைத்தாய்? நான் வாசல் காக்கும் இந்த வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்த அர்மாந்த் தெலூஸ். பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர். அவர் கதைகளில் வரும் துணிச்சலான வாசல்காரன் எல்லாம் நான்தான்.

மூன்றாம் மாடியில் ஒக்தாவ் செர்வால். அவரும் இன்னொரு பத்திரிகையில் தொடர்கதைக்காரர். இருவரும் காதலர்கள். ஒரு வாரம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மறுவாரம் அந்தத் தட்டு ஜன்னல் வழியாக முற்றத்துக்கு வரும். வீட்டுச் சொந்தக்காரர் என்னிடம், அவர்களுக்கு மட்டும் தகரத் தட்டு கொடுக்கலாமா என்று யோசனை கேட்டார்.

கடைசிச் சண்டை ஒரு கப்பல் கேப்டனால் வந்தது. அர்மாந்த் தன் கதையில் கடலில் மூழ்கிச் செத்த கேப்டனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ஊரே கைதட்டியது. ஒக்தாவ் மட்டும் படியில் நின்று கத்தினார்: "செத்தவன எழுப்பறவ எழுத்தாளியா? சந்தையில வித்தை காட்டறவ! என் கதையில செத்தா செத்ததுதான்." அந்த அம்மாளும் விடவில்லை: "உன் கதையில உயிரோட இருக்கறவங்களே பொணம் மாதிரிதான்டா இருக்காங்க, மேதாவி!" சொல்லிக்கொண்டே மைக்கூட்டை வீசினார். அது பீரங்கிக்குண்டு மாதிரி என் தொப்பியை உரசிப் போய் ஒக்தாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. கை பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

கை வீங்கினால் பத்திரிகை நிற்குமா? எழுத்தாளர் படுத்துவிட்டால் ஆசிரியர் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, அதே பெயரில் அன்றைய பகுதியை எழுதவைப்பார். இங்கே அது வழக்கம்தான். ஆனால் ஒக்தாவ் மட்டும், தன் காற்புள்ளியைக்கூட யாரையும் தொடவிட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்பவர். அந்த வீக்கத்தால் அவர் காய்ச்சலில் கிடந்தபோது, அவரைக் கேட்காமலே கூலி ஆள் எழுதினான். கதையை எப்படி நகர்த்துவதென்று தெரியாமல் நாயகி ப்ளான்ஷைக் கொன்று சவப்பெட்டியில் வைத்து மூடிவிட்டான். ப்ளான்ஷ் பச்சைக் கையுறை போடுகிறவள். அவள் யாரென்று பாரிஸ் முழுக்கத் தெரியும்.

காலையில் அர்மாந்த் என் வாசலில் நின்றபடியே படித்தார். "என்னக் கொன்னுட்டான், பிலிபேர். அதுவும் ரெண்டே வரியில" என்றார். குரல் உயரவில்லை. ஒரு தட்டுகூட உடையவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மதியம் பெட்டியோடு வண்டியேறிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் ஒக்தாவ் கட்டுப்போட்ட கையோடு இறங்கி வந்தார். "அந்த மட்டமான வரிய நான் எழுதுனேன்னு நம்பிட்டாளா? இத்தன வருஷம் என் பக்கத்துல உக்காந்து படிச்சவ, என் எழுத்து எதுன்னு தெரியலயா அவளுக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள் போனதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. ஒரு கடிதம் போடுங்கள், நானே சொல்லித்தருகிறேன் என்றேன். "கடுதாசியில யாரு வேணா பொய் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

இத்துடன் நேற்றைய பத்திரிகையை வைத்திருக்கிறேன். அதில் வந்திருக்கும் பகுதி, ஒக்தாவ் இடது கையால் தானே எழுதியது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டது நான், ஆகவே பாதி என் எழுத்து என்றே சொல்லலாம். மண்ணைப் போடப்போகும் நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம். மூடியைத் திறந்தால் ப்ளான்ஷ் எழுந்து உட்கார்ந்து, என் பச்சைக் கையுறை எங்கே என்று கேட்கிறாள்.

பாரிஸ் சிரிக்கிறது, ஓர்த்தான்ஸ். அவர் காபிக் கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் மேசையைத் தட்டி, "யாருப்பா உள்ள?" என்று கத்துகிறார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டு வருகிறார்.

நீ செய்யவேண்டியது இதுதான். பத்திரிகையை அந்தக் கதைப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து, சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வை. நான் அனுப்பினேன் என்று சொல்லாதே. அந்த அம்மாள் சிரித்தாலும் சரி, தட்டை விட்டெறிந்தாலும் சரி, உடனே பாரிஸ் வண்டிக்கு இடம் பிடி; தட்டுக்கு நான் பொறுப்பு. படித்துவிட்டு அமைதியாக மடித்து வைத்தால் மட்டும் ஒன்றும் கேட்காதே. பெட்டியைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடு.

ஒக்தாவ் தினமும் காலையில் கீழே வருகிறார். தபால் வந்ததா என்று கேட்பதில்லை. அங்கே உங்கள் பக்கம் காற்று எப்படி என்று கேட்கிறார். மேற்குக் காற்றுதான், அது அடிக்கும்வரை எந்தக் கப்பலும் கிளம்பாது, எனக்குக் கடல் அத்துப்படி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் கடலையே பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். அந்தக் காற்றையும் இன்னும் கொஞ்ச நாள் திருப்பாமல் வைத்திருக்கட்டும்.

உன் மாமா,
பிலிபேர்