புதுத் தூரிகை

நவம்பர் 12, செவ்வாய் இரவு.

ஸ்ட்ரெதத்தில நான் வயசானவையைப் பாக்கிற கெயாரர் வேலைக்குப் போற வீட்டுச் சீனக் கிழவர் மிஸ்டர் லின், இண்டைக்கு ஒரு புதுத் தூரிகையைக் கழுவித் தரச்சொல்லித் தந்தார். சீன எழுத்து எழுதுற தூரிகை. மயிர் பசையில இறுகி ஊசி மாதிரிக் கிடந்தது. அவருக்குக் கை நடுங்கும். நான்தான் வெதுவெதுப்பான தண்ணியில பிடிச்சுப் பசையைக் கரைச்சன். மெல்ல மெல்ல விரிஞ்சுது.

"இனி மூடி போடக்கூடாது, மயிர் முறிஞ்சிடும். தொங்கவிடும். நாளைக்குக் காய்ஞ்சிடும். முதல்ல உம்மட பேரைத்தான் எழுதுவன்" எண்டார்.

அலுமாரிக் கைப்பிடியில கட்டித் தொங்கவிட்டன்.

நாளைக்குக் காலமை அவரைக் கெயார் ஹோமுக்கு, முதியோர் இல்லத்துக்கு, கொண்டுபோகக் கார் வருது. அவருக்குத் தெரியாது. மகன் எனக்குப் போனில சொன்னவர், அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு. பெத்த பிள்ளைக்கே சொல்ல வாய் வரேல்லை, எனக்கு மட்டும் வருமோ? சொன்னால் வேலை போகும். சொல்லாமல் வந்ததுக்கு...

வெளிக்கிடேக்க என்ர முழுப் பேரைக் கேட்டார். மூண்டு தரம் சொன்னன். நான் கதவைச் சாத்தேக்கையும், நாளைக்கு மறந்துபோகாமல் இருக்க, பிழை பிழையாச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.