குருமனைப் பிள்ளைக்கு முதல் பந்து

என் மகனுக்கு,

போனில் பேசினால் உன் அப்பாவுக்குக் கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். ஹெப்பகோடி வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அவளுக்கு வாந்தி நின்றதா? ரிஜிஸ்டர் ஆபீஸில் எடுத்த உங்கள் கல்யாணப் படம் அரிசி டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை நம் சபையில் வில்மட் பாதிரியார் நினைவு ஆட்டம். வருஷா வருஷம் போல அப்பா அவர் வாழ்க்கையைச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, சிப்பாய்களோடு கிரிக்கெட் ஆடியது, காலராவில் செத்தவர்களைத் தானே சுமந்து புதைத்தது. ஆட்டத்தின் முதல் பந்தைத் தன் மகனுக்கே போடுவார் என்கிற இடம் வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்படியே ஜெபம் செய்து முடித்துவிட்டார்.

குருமனையில் குடியிருக்கிற பாதிரியார் தன் பிள்ளைக்கு முதல் பந்து போடுவது, இன்றுவரை அதுதானே நம் சபை வழக்கம். உன் இடத்தில் நிற்கத் தன் மகனை அனுப்பினார் செயலாளர் ஹெர்பர்ட்.

"அங்க யாரும் நிக்க வேணாம்பா," என்றார் அப்பா.

அங்கியோடு ஓடிவந்து, ஆளில்லாத ஸ்டம்புக்குப் போட்டார். பந்து எங்கோ விலகிப் போனது. "ஐயாவுக்கு வயசாயிடுச்சு," என்றார் ஹெர்பர்ட்.

நேற்று துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். சின்ன வயதில் நீ சுவரில் கரியால் வரைந்த ஸ்டம்புக்கு அப்பா பந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"அன்னைக்கு மட்டும் ஏங்க வெளிய போட்டீங்க?"

அவர் திரும்பவில்லை.

"அவன அவுட்டாக்கச் சொல்றியா?" என்றார்.

உன் அம்மா